ஐயப்ப சீசனுக்கு முன் சர்வரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

சீசனில் கன்னியாகுமரி லாட்ஜ்களின் முன்பதிவுத் தளங்கள் முடங்கக் கூட்டம் மட்டும் காரணமல்ல. சர்வரின் டிஸ்க் நிரம்புவதும் உண்டு. தள வருகைகளைப் பதியும் லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லையா? தளத்தை வழங்கும் மென்பொருளான என்ஜினெக்ஸ் அதைத் திறந்தே வைத்திருக்கும்; ரீலோட் செய்தால் விடும்.

தரவை நகலெடுக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட்தான் பெரிய கவலை. கையால் ஓட்டினால் ஓடும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடாது. கோப்புப் பெயரில் தேதி சேர்க்கும் கட்டளையை நேரே கிரானின் அட்டவணையான கிரான்டேபில் எழுதினால், அதில் தேதி வடிவத்துக்காக வரும் சதவீதக் குறியை (%) கிரான் வரிமுறிவாக எடுத்துக்கொள்ளும்; கட்டளை பாதியில் அறுந்துபோகும். குறிக்கு முன் பின்சாய்வுக்கோடு (\) போடுங்கள், அல்லது தனி ஸ்கிரிப்டில் வையுங்கள், அதுவே நல்லது. பேக்கப்பை அதே சர்வரில் போட்டு வைத்துப் பயனில்லை.

லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் தளப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆயுள் அதிகபட்சம் 90 நாள். கார்த்திகை பிறக்கும் முன்பே புதுப்பிப்பைச் சோதனையாக ஓட்டிப் பாருங்கள்.

– சர்வர் நிர்வாகி, நாகர்கோவில்