களைக்கொல்லி விஷம்: இதயத்தையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

களைக்கொல்லி விஷம் பற்றி உங்கள் இதழில் வந்த மருத்துவக் கட்டுரையைப் படித்தேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நுரையீரலைக் கெடுப்பதையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வதையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் இதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் என்பதால் இதைச் சும்மா விட்டுவிட மனம் வரவில்லை.

கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி மனிதர்களை ஒன்றும் செய்யாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது தடுக்கும் நொதி செடிகளிலும் சில நுண்ணுயிரிகளிலும்தான் உண்டு, நம் உடலில் கிடையாது; அதுவரை சரி. ஆனால் பாட்டிலில் இருப்பது அது மட்டுமில்லையே! மருந்து இலையில் பரவி உள்ளே இறங்க வேண்டும் என்று சோப்பு போன்ற ஒரு பொருளையும் கலக்கிறார்கள். குடித்தவரின் செல்களை அது பாதிக்கிறது. ரத்த அழுத்தம் சரிகிறது, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது. பொட்டாசியம் உப்பாக வரும் தயாரிப்பு என்றால் ரத்தத்தில் பொட்டாசியமும் கூடலாம். இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கு இவ்வளவு போதும். வரும்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து கிடப்பதும் இதனால்தான்.

வாந்தியும் தொண்டை எரிச்சலும்தானே என்று நினைக்காமல் வந்தவுடன் ஈசிஜி எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். அதில் கியூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகளில் மின்னோட்டம் தொடங்கி அடங்க எடுக்கும் நேரம், 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு எந்த நேரமும் வரலாம். கிளைபோசேட் விஷத்துக்கென்று முறிவு மருந்து கிடையாது. சலைன், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள், பொட்டாசியம் ஏறினால் கால்சியம், துடிப்பு பிறழ்ந்தால் மக்னீசியம், தேவைப்பட்டால் டயாலிசிஸ் என்று அந்தந்த நேரத்துக்குத் தகுந்தபடிதான் காப்பாற்ற முடியும். நரம்பு வழியாகக் கொழுப்புக் கரைசல் ஏற்றியதில் சிலர் தேறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

2,4-டி என்ற களைக்கொல்லி வேறு மாதிரி. தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். விஷம் சிறுநீரில் வெளியேறட்டும் என்று, அதற்கு சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். பாராகுவாட் இதயத் தசையையும் அழற்சியாக்கும். அதோடு, அதில் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் கெடும். மூச்சுத் திணறலைப் பார்த்ததும் மாஸ்க்கை வைக்கத்தான் கை போகும். குடித்தது எந்தக் களைக்கொல்லி என்று தெரியாவிட்டால் சிகிச்சையே தப்பாகிவிடும் என்பது இதனால்தான்.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் பாட்டிலையோ லேபிளின் புகைப்படத்தையோ கையோடு கொண்டுவர வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மனம் உடைந்து குடித்தவர் என்றால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்து நேரத்தைக் கடத்துகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவரைத் திட்டவும் வேண்டாம். உடம்பு தேறிய பிறகு மனநல மருத்துவரையும் அவர் பார்க்க வேண்டும்.

இதய மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர் ஒருவர்