அதை இழுக்காதே, மகள்

அன்பு மகளுக்கு,

உன் குரல் செய்தியை அம்மாவும் நானும் கேட்டோம். வயலினைவிடச் சற்றுப் பெரிய உன் வியோலாவுக்கு எப்போதும் எடுபிடி வேலைதான் என்று புலம்பிக்கொண்டிருந்தவள், பேத்தோவனின் ஏழாம் சிம்பொனியில் இரண்டாம் பகுதியை நாங்கள்தான் தொடங்குகிறோம் என்று சொல்லும்போது குரலே மாறிவிட்டது. குழல்கள் ஒரு ஏ மைனர் கோர்டை, அதாவது ஏ சுரத்தில் நிற்கிற சோகச் சாயலான சுரக்கூட்டை, ஊதி ஓய்ந்ததும் வியோலா, செலோ, டபுள் பேஸ் மட்டும்தான். முதல் வயலின்காரர்கள் தங்கள் முறை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கட்டும், நல்லதுதான்.

ஆனால் உங்கள் குழு அதை 'சோகப் பாட்டு' என்று பேர் வைத்து மெதுவாக இழுக்கப் போகிறது என்றாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இசைக்குழு நடத்துநர் கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவை வைத்து 1970களில் பதிந்த கசெட் நம் வீட்டில் இருந்தது, ஞாபகம் இருக்கும். பங்கில் இருந்த பாதர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. அப்போது நம்மிடம் இருந்த செட்டில் மோட்டர் கொஞ்சம் வேகமாக ஓடும். பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியத்தில் அந்த முதல் கோர்டைத் தேடினால் ஏ மைனரில் சேராது, பக்கத்துக் கறுப்புக் கட்டையில் போய் உட்காரும். கசெட் ஆறு வீதம் கூட ஓடினால் சுருதி அரைப்படி ஏறும், வேகமும் அதே ஆறு வீதம் ஏறும். இரண்டையும் பிரிக்க முடியாது. ஆக, நான் வருடக்கணக்காகக் கேட்டது பி ஃபிளாட் மைனரில். அதனால் பாட்டின் குணம் மாறியதா? இல்லை. அதே கனம், அதே அடக்கம்.

போன வாரம் தம்பி வந்திருந்தபோது அதே பதிவைப் போனில் போட்டு, வேகத்தை முக்காலாகக் குறைத்துக் காட்டினான். போனில் சுருதி இறங்காது, ஏ மைனர் அப்படியே நிற்கிறது. ஆனால் பாட்டு படுத்துவிட்டது! எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலே போகிற பகுதி பதினொரு நிமிடத்தை நெருங்கியது. அம்மா அடுப்படியிலிருந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். சுருதியை மாற்றினாலும் தாங்குகிற பாட்டு, நடையை மாற்றினால் தாங்கவில்லை.

பேத்தோவன் அந்தப் பகுதிக்குப் போட்ட குறி அலெக்ரெட்டோ, அதாவது ஓரளவு வேகமான நடை. 1817இல் அவர் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டிக் காட்டும் கருவி) எண்களை வெளியிட்டபோது இதற்குக் கொடுத்தது நிமிடத்துக்கு 76 அடி. கிளைபரே அந்த அளவுக்குப் போவதில்லை, 70க்குக் கீழேதான் நிற்கிறார். நம் பழுதான செட்தான் அவரைப் பேத்தோவன் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கிறது. இன்னொரு நடத்துநரான க்ளெம்பரரின் பதிவு கிட்டத்தட்டப் பத்து நிமிடம் போகும். பெரிய மனிதர், அவருடைய கனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடையை அவர் தாங்குவார், உங்கள் குழு தாங்காது. வில் பாதியிலேயே தீர்ந்துபோகும்.

தாளத்தைச் சொல்லிப் பார்: தாம் தக தாம் தாம். இதுதான் முழுவதும். தொடக்கத்தில் மேல் குரல் ஈ சுரத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறது, அது உன் கையில். மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடம், நடைதான் அதைத் தூக்க வேண்டும். அப்புறம் இரண்டாம் வயலின்கள் அதே தாளத்தை எடுத்துக்கொண்டதும், உனக்கும் செலோவுக்கும் ஒரு நீண்ட மெட்டு வருகிறது பார், அதற்காகத்தான் நான் இந்தப் பகுதியையே கேட்பது. நடை தூங்கினால் அந்த மெட்டு தனித்தனி சுரமாக உதிர்ந்துவிடும்.

நடுவில் மைனர் போய், வெளிச்சமான ஏ மேஜர் வருகிறது. கிளாரினெட்டும் பசூனும் இனிமையாகப் பாடும்போது கீழே பேஸ் அதே தாளத்தை விடாமல் விரலால் மீட்டிக்கொண்டிருக்கும். மேஜர் வந்ததும் இளகிப்போகிற குழுக்கள் உண்டு, அங்கேயும் நடையை விடக்கூடாது.

துக்கம் என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம் தோட்டத்துச் சாவு வீட்டுத் தப்பு மேளத்தை எங்கேயாவது மெதுவாகக் கேட்டிருக்கிறாயா? லயத்து வீட்டிலிருந்து பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அடி எப்படி விழும், முன்னால் ஆடிக்கொண்டு போவார்களே. அழுகிறவர்கள் அழுதுகொண்டுதான் இருப்பார்கள்.

1813 டிசம்பர் 8ஆம் தேதி வியன்னாவில் இது முதன்முதலாக அரங்கேறியது, நெப்போலியனுக்கு எதிரான ஹனாவ் சண்டையில் காயப்பட்ட சிப்பாய்களுக்கான நிதிக் கச்சேரியில். இந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிச் சபை கேட்டிருக்கிறது. ஒப்பாரியாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா? கச்சேரிக்கு ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் மெல்செல், பின்னாளில் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை எடுத்த அதே ஆள்!

சரி, 72இல் வைத்துப் பழகு. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் 68க்கு இறங்கு, அதற்குக் கீழே வேண்டாம். அடுத்த ஒத்திகையைப் பதிந்து வட்ஸ்அப்பில் போடு, எந்த இடத்தில் தளர்கிறது என்று நிமிடம் குறித்து எழுதுகிறேன். தேயிலையும் உன் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் திங்கட்கிழமை தபாலில் போகும்.

அன்புடன்
அப்பா