முகத்தை மட்டும் மெருகேற்றாதீர்கள்: வீடியோ கேம் பாத்திரங்களைப் படைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கும், கதையாசிரியர்களுக்கும், அவர்களுடைய வேலைக்குக் காலமும் பணமும் ஒதுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஒரு புதிய கேம் வெளியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதன் நாயகனையோ நாயகியையோ எங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறீர்கள். டிரெய்லரில் அவர்கள் முகம் திரை நிறைய வருகிறது; உடையின் மடிப்பும் கன்னத்துத் தழும்பும் துல்லியமாகத் தெரிகின்றன; இழந்த குடும்பம், சுமக்கும் பழி, தீர்க்க வேண்டிய பகை எல்லாம் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடிக்கப்படுகின்றன. கேம் கைக்கு வந்த பிறகோ, ஆட்டக்காரர்கள் அந்த நாயகனை மரியாதையோடு கடந்துபோய், கதையில் மூன்றாம் வரிசையில் நின்ற யாரோ ஒருவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். முகத்தையும் முன்கதையையும் இன்னும் கொஞ்சம் மெருகேற்றியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்ற முடிவுக்கே நீங்கள் வருகிறீர்கள் என்பது அடுத்தடுத்து வரும் கேம்களைப் பார்த்தால் தெரிகிறது. அந்த முடிவை மறுக்கவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு பாத்திரம் எங்களுக்குப் பிடித்துப்போவதில் அதன் தோற்றத்துக்கு உள்ள பங்கைவிட, நாங்கள் பட்டனை அழுத்தும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு உள்ள பங்கு மிகப் பெரியது.

மாரியோவின் தோற்றம் பிறந்த கதை உங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். 1981-இல் 'டாங்கி காங்' கேமுக்காக வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ அவரை வரைந்தபோது கைவசம் இருந்தவை சில பிக்சல்கள்தாம். வாய் வரைய இடம் இல்லாததால் மீசை வந்தது. தலைமுடியை வரைந்து அசைப்பது சிரமம் என்பதால் தொப்பி வந்தது. கையின் அசைவு உடலோடு கலந்துவிடக் கூடாது என்பதால் சட்டை ஒரு நிறமும் அதன் மேல் அணிந்த உடை வேறு நிறமுமாக ஆயின. நிழலுருவைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிய வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்துக்கொண்டீர்கள். நல்ல பாடம்தான். ஆனால் அடையாளம் தெரிவது வேறு, பிடித்துப்போவது வேறு. அவர் ஏன் பிடித்துப்போனார் என்பதற்கான விடை 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமில் இருக்கிறது. அதில் அவர் ஓடத் தொடங்கியதுமே முழு வேகம் எடுத்துவிடுவதில்லை. படிப்படியாக வேகம் ஏறுகிறது. ஓடுகிறவரைச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினால் கால் சறுக்கி, அதன் பிறகே திரும்புகிறார். குதிக்கும் பட்டனைத் தட்டிவிட்டு விட்டால் சின்னத் துள்ளல். அழுத்திப் பிடித்தால் உயரமான பாய்ச்சல். எட்டாத தூரத்தில் இருக்கும் ஒரு கல்லின் விளிம்பைப் பிடித்துவிட வேண்டும் என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும் அந்த அரைக் கணத்தில் விளையாடுகிறவரின் உடம்பும் சேர்ந்து எழும்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பிறப்பு, வளர்ப்பு, ஆசை, ஏக்கம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவருக்கு எடை இருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

1991-இல் வந்த சானிக் என்ற நீல முள்ளெலியும் இதே வழியில்தான் எங்களுக்கு நெருக்கமானது. கன்ட்ரோலரைத் தொடாமல் சிறிது நேரம் சும்மா இருந்தால் அது எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு, காலால் தரையைத் தட்டத் தொடங்கும். ஒரு வரி வசனம் கிடையாது, இடைக்காட்சி கிடையாது. பொறுமை இல்லாதவன், வேகத்துக்காகவே பிறந்தவன் என்பதெல்லாம் அந்த ஒரு சிறு அசைவிலேயே புரிந்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, நாங்கள் இங்கே உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

முகமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு 2012-இல் வந்த 'தாமஸ் வாஸ் அலோன்' என்ற சிறிய கேமைக் காட்டுவேன். மைக் பிதெல் உருவாக்கிய அந்தக் கேமில் பாத்திரங்கள் அனைத்தும் வண்ண வண்ணச் செவ்வகங்களும் சதுரங்களும் மட்டுமே. கண் இல்லை, கை இல்லை, உடை இல்லை. ஒரு கதைசொல்லியின் குரல் அவற்றின் மனத்தில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே வருகிறது. ஆனால் குரலை மட்டும் புகழ்வது பாதி உண்மைதான். கிறிஸ் என்ற குட்டிச் சதுரத்தால் உயரமாகக் குதிக்க முடியாது. மற்றவர்களைப் பார்த்து அது புகைந்துகொண்டே இருப்பதாகக் கதைசொல்லி சொல்வதற்கு முன்பே, ஒவ்வொரு மேட்டிலும் அதை ஏற்றிவிடப் பாடுபட்ட எங்களுக்கு அந்தப் புகைச்சலின் காரணம் தெரிந்திருக்கிறது. கிளேர் என்ற பெரிய நீலச் சதுரம் மெதுவாக நகரும், சரியாகக் குதிக்காது. மற்றவை தொட்டாலே அழிந்துபோகும் தண்ணீரில் அது மட்டும் மிதக்கும். அது தெரிந்த நொடியிலிருந்து தன்னை ஒரு சூப்பர் ஹீரோவாகவே அது நினைத்துக்கொள்கிறது. மற்றவர்களை அதன் முதுகில் ஏற்றித் தண்ணீரைக் கடக்க வைக்கும்போது நாங்களும் அதை நம்பிவிடுகிறோம். குணம் என்று கதையாசிரியர் எழுதியதும், குதிக்கும் உயரம் என்று நிரலாளர் எழுதியதும் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன. உங்கள் அலுவலகங்களில் இவர்கள் இருவரும் எத்தனை மாதங்கள் கழித்து முதல்முறையாகச் சந்தித்துக்கொள்கிறார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

லாரா கிராஃப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996-இல் அவரை நாயகியாகக் கொண்ட 'டூம் ரெய்டர்' கேம் வந்தபோது விளம்பரங்கள் அவருடைய உடலைத்தான் விற்றன. அந்தப் பெயர் எங்கும் பரவ அது உதவியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேமை விளையாடியவர்களிடம் கேட்டால், மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நடப்பதற்கான பட்டனைச் சேர்த்து அழுத்தினால் அவர் தலைகீழாகக் கைகளில் நின்று மெல்ல மேலேறி வந்ததைச் சொல்வார்கள். ஆட்டத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. யாரும் பார்க்காத பாழடைந்த குகைக்குள் ஒருவர் தன் உடலின் தேர்ச்சியைத் தனக்காகவே ரசித்துக்கொள்கிறார் என்பதை அந்த ஓர் அசைவு காட்டியது. எந்த விளம்பரமும் சொல்லாத ஒரு குணம் அதில் இருந்தது.

துணைப் பாத்திரங்களின் விஷயத்தில்தான் உங்களிடம் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிகப் பெரிய அன்பும் மிகப் பெரிய எரிச்சலும் அங்கேதான் பிறக்கின்றன. கூடவே வருகிறவர் கதையில் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கதவின் நடுவில் நின்று வழி மறித்தால், சண்டையில் எதிரியின் முன் போய் விழுந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வாக்கியத்தைச் சொன்னால், அவர்மீது அன்பு வராது. 1998-இல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' கேமின் நாவி என்ற தேவதை உதவி செய்யத்தான் வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டே கேலிப்பொருளாகிவிட்டது. இதற்கு நேர்மாறாக, 2013-இல் வந்த 'பயோஷாக் இன்ஃபினிட்' கேமில் எலிசபெத்தை நாம் பாதுகாக்க வேண்டியதே இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். துப்பாக்கியில் குண்டு தீர்ந்து தவிக்கும் நேரத்தில் எங்கிருந்தோ அவர் நம்மை அழைத்து, கையில் கிடைத்ததைத் தூக்கிப் போடுகிறார். ஆபத்தில் ஒருமுறை கைகொடுத்தவரை மறப்பது யாருக்கும் எளிதல்ல. இதை எழுதப் பெரிய கதையாசிரியர் கூடத் தேவையில்லை.

பயன்படுவது மட்டும் போதும் என்று இதைப் புரிந்துகொண்டால் கருவிப்பெட்டிதான் மிஞ்சும். 2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' கேமின் குதிரையான அக்ரோ, நாம் நினைத்த நொடியில் நினைத்த பக்கம் திரும்புவதில்லை. சில நேரம் தயங்குகிறது. குறுகலான பாதையில் தானே வழி பார்த்து ஓடுகிறது. வண்டியின் ஸ்டீயரிங் போல அது இயங்கியிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும், ஆனால் அதை நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டோம். மனிதர் யாருமற்ற அந்தப் பெருவெளியில் கூப்பிட்டால் ஓடிவரும் ஒரே உயிர் அதுதான். முடிவை நெருங்கும்போது, இடிந்து விழும் பாலத்தில் தன் மேல் இருந்தவனை அக்கரைக்குத் தூக்கி எறிந்துவிட்டுத் தான் பள்ளத்தில் விழுகிறது. (இத்தனை ஆண்டுகள் கழித்தும் கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிப்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.) அந்தக் கேமை உருவாக்கிய குழுவின் தலைவரான ஃபுமிட்டோ உவேடா 2016-இல் தந்த 'தி லாஸ்ட் கார்டியன்' கேமில் ட்ரிக்கோ என்ற பெரிய விலங்கு, கட்டளையிட்டதும் கேட்காமல் இன்னும் பிடிவாதம் பிடித்தது; பலர் உருகினார்கள், பலர் பொறுமையிழந்து கேமையே நிறுத்தினார்கள். சொல் பேச்சுக் கேட்காதது தன் விருப்பத்தால் என்று தோன்றினால் அது உயிர். நிரலின் கோளாறால் என்று தோன்றினால் வெறும் தொல்லை. அந்தக் கோடு மிக மெல்லியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கோட்டின் அருகே போகாமல் பத்திரமாக நின்றுகொண்டு யாராலும் ஓர் அக்ரோவைப் படைக்க முடியாது.

அன்பை வரவழைக்க எளிய வழி என்று சாவைக் கையில் எடுக்கும் வழக்கமும் உங்களிடம் பெருகிவிட்டது. 1997-இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 7' கேமில் ஏரித் கொல்லப்பட்டது இன்றுவரை பேசப்படுகிறது என்றால், அந்தக் காட்சி மட்டும் அதற்குக் காரணம் அல்ல. அவர் எங்கள் அணியில் இருந்தார். காயங்களை ஆற்றும் ஆற்றலே அவருடைய சிறப்பாக இருந்தது. அவரை வளர்க்க நாங்கள் மணிக்கணக்கில் உழைத்திருந்தோம். அடுத்த சண்டையில் அந்த இடம் காலியாக இருந்தபோது இழப்பு மனத்துக்கு மட்டுமல்ல, ஆட்டத்துக்கும் உறைத்தது. பத்து நிமிடம் முன்பு அறிமுகமான ஒரு நண்பரை இசையோடு சாகடித்துவிட்டு எங்களிடம் கண்ணீரை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

போட்டி கேம்களை நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. எந்தப் பாத்திரத்தை எத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு யாருக்குச் செல்வாக்கு என்று முடிவு செய்கிறீர்கள். வெல்ல விரும்புகிற எல்லாரும் வலிமையான பாத்திரத்தையே எடுப்பார்கள். அடுத்த அப்டேட்டில் அதன் வலிமையைக் குறைத்துப் பாருங்கள், கூட்டம் கலைந்துவிடும். கலையாமல் நிற்பவர்கள் யார் என்பதுதான் நீங்கள் எண்ண வேண்டிய கணக்கு. 1995-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' கேமில் டான் ஹிபிகி வேண்டுமென்றே நகைச்சுவைக்காகப் படைக்கப்பட்டவர். அவர் கையிலிருந்து புறப்படும் ஆற்றல் பந்து சிறிது தூரம்கூடப் போகாது. வீராப்புக்கு மட்டும் குறைவில்லை. அவரைக் கொண்டு வெல்வது கடினம் என்பதாலேயே அவரோடு நிற்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். வென்றால் அது முழுக்கத் தங்கள் திறமை, தோற்றாலும் சிரிக்க ஒரு காரணம். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இவர் முதல் இடத்துக்கு வரப்போவதில்லை.

ஆட்டக்காரர்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமா என்றால், கேட்க வேண்டும், ஆனால் அளவோடு. 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' கேமில் கேரஸ் ஒரு நல்ல படைத்தோழர், அவ்வளவே. அவரைக் காதலிக்க வழி இல்லை. ஆட்டக்காரர்களின் ஆசை வலுத்ததால் 2010-இல் வந்த இரண்டாம் கேமில் அந்த வழி திறந்தது. அவசரமில்லாமல், அவருடைய கூச்சத்தையும் கிண்டலையும் விட்டுவிடாமல் எழுதினார்கள், எடுபட்டது. இதையே தவறாகச் செய்தால், முதல் கேமில் ஒருமுறை சொல்லிச் சிரிக்க வைத்த வாக்கியத்தை இரண்டாம் கேமில் நாற்பது முறை சொல்லும் பொம்மை கிடைக்கும். நாங்கள் கேட்டது அந்த ஆளை; அந்த வாக்கியத்தை அல்ல.

குரல் கொடுப்போரையும் உடலசைவு தருவோரையும் கடைசி நேரத்தில் அழைத்து, தனித்தனி வரிகளாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லும் பழக்கத்தையும் கைவிடலாம். 2023-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கேமில் அஸ்டாரியன் என்ற பாத்திரம் இவ்வளவு பேரைக் கவர்ந்ததில், அவருக்குக் குரலும் உடலும் தந்த நீல் நியூபனின் பங்கு பெரியது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த நடிப்புக்கான விருது அவருக்கே கிடைத்தது.

எனவே உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை மிகவும் நடைமுறையானது. ஓவியர் முகத்தை வரைவதற்கு முன்பே, பாத்திரத்தை ஒரு சாம்பல் நிறக் கட்டையாக ஆட்டத்துக்குள் விட்டு, கதை தெரியாத சிலரிடம் விளையாடக் கொடுங்கள். 2007-இல் 'போர்ட்டல்' கேமை உருவாக்கியவர்கள், சோதித்துப் பார்த்தவர்கள் ஒரு பெட்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவதைக் கண்டே அதன் பக்கங்களில் இதயம் வரைந்தார்கள். அதைக் கூடவே தூக்கிச் செல்ல வைத்து, இறுதியில் எங்கள் கையாலேயே எரிக்கவும் வைத்தார்கள். ஒரு பெட்டிக்காக வருந்தியவர்கள் ஏராளம். உங்கள் சாம்பல் கட்டையை விளையாடுபவர்கள் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டுப் போனால், முகத்துக்கு ஒதுக்கிய காலத்தில் ஒரு பகுதியை எடுத்து அதன் நடைக்கும், நிற்கும் விதத்துக்கும், கூப்பிட்டால் திரும்பும் விதத்துக்கும் கொடுங்கள். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது, பயன் ஒன்றும் இல்லாதது என்று முதலில் வெட்டப்படும் பட்டியலில் அந்தச் சிறு அசைவுகளைச் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேம்களைப் பல ஆண்டுகளாக விளையாடிவரும் ஓர் ஆட்டக்காரர்