ஆண்டறிக்கை 2025–26: பஸ்டர் கீட்டனோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் குறும்படப் பட்டறை ஆகஸ்டில் நடந்தது. நூலகத்தில் 14 நூல்கள் சேர்ந்தன. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். நவம்பர் திரையிடல் மழையால் நடக்கவில்லை.

இனி இந்த ஆண்டின் முதன்மைப் பணிக்கு வருகிறேன். மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் படங்களை ஆண்டு முழுவதும் வரிசையாகத் திரையிடுவது என்று சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தேன். அன்று யாரும் மறுக்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவில் வேறு குரல்கள் கேட்டன. “ஒரே ஆளையே வருஷம் முழுக்கவா?”, “பேசாத படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?”, “நூறு வருஷப் பழைய அமெரிக்கப் படம் நமக்கு எதற்கு?” என்றெல்லாம் எழுதினார்கள். அங்கே பதில் எழுதி வம்பு வளர்க்க வேண்டாமென்று இருந்துவிட்டேன். பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

முதல் காரணம், நம் திரையிடல்களுக்கு ஆள் வராததற்கு எல்லோரும் சொல்லும் குறை ஆங்கில சப்டைட்டில். படிப்பதற்குள் ஓடிவிடுகிறது, படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்பார்கள். மௌனப்படத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதிலும் கீட்டன், இடையில் வரும் எழுத்தட்டைகளை முடிந்தவரை குறைத்தவர். உடம்பால் சொல்ல முடிந்ததை அட்டையில் எழுத மாட்டார். வந்த சில அட்டைகளையும் நான் முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்து அரங்கில் உரக்கப் படித்தேன். ஏப்ரலில் ‘ஒன் வீக்’ ஓடியபோது, கீழ்த்தளத்தில் தையல் வேலை செய்யும் பெண்கள் நான்கு பேர் பிள்ளைகளோடு மாடியேறி வந்தார்கள். புதுமணத் தம்பதி கட்டும் வீடு கோணல்மாணலாக எழுந்து, புயலில் ராட்டினம்போலச் சுற்றும்போது அந்தப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. சுழல்மேடையின்மேல் உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்டிச் சுற்றவிட்டு 1920இல் எடுத்த படம் அது. அந்தப் பெண்கள் அதன்பின் ஒரு மாதமும் தவறவில்லை. அவர்கள் நம் உறுப்பினர்கள் அல்லர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது காரணம் அந்த மனிதரின் வாழ்க்கை. 1895 அக்டோபர் 4இல் கான்சாஸ் மாநிலத்தில் பிக்குவா என்னும் சிற்றூரில், ஊர் ஊராகப் போய்க் காட்சி நடத்திய பெற்றோருக்குப் பிறந்தார். நம் பாய்ஸ் கம்பெனி நாடகக்காரர்களின் பிழைப்பு போன்றது என்று நான் சொன்னதும் மூத்தவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோதே தாய் தந்தையோடு மேடை ஏறிவிட்டார். அப்பா ஜோ கீட்டன் பிள்ளையைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவார்; திரைச்சீலைமேல் எறிவார். பிடித்துத் தூக்க வசதியாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். இந்தக் கைப்பிடியைப் பற்றி நான் சொன்னபோது தையல்காரப் பெண்களில் ஒருவர், “எந்தத் துணியில் தைத்தாலும் கிழியுமே, உள்ளே பட்டை வைத்திருப்பார்கள்” என்றார். இத்தனை ஆண்டுகளாகக் கீட்டனைப் பற்றிப் படித்துவரும் எனக்கு அப்படி ஒரு கேள்வியே தோன்றியதில்லை.

குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தார் நியூயார்க்கில் பலமுறை தலையிட்டார்கள். பையன் விழக் கற்றுக்கொண்டிருந்தான். தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தை அசைக்காமல் வைத்திருந்தால் கூட்டம் குலுங்குகிறது என்பதையும் அந்த வயதிலேயே கண்டுகொண்டான். பின்னாளில் உலகம் ‘கல்முகம்’ என்று கொண்டாடிய முகம் அங்கே உருவானதுதான்.

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குப் போனவர், முதல் நாளே நடித்ததோடு நிற்காமல் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று குடைந்து பார்த்தார். இந்தப் பொறியியல் மூளைதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மே மாதம் நாம் பார்த்த ‘தி பிளேஹவுஸ்’ படத்தில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக மேடையில் நிற்பதைக் கண்டு, கம்ப்யூட்டர் வேலையா என்று ஒரு மாணவர் கேட்டார். 1921இல் ஏது கம்ப்யூட்டர்? லென்ஸின் முன்னால் ஒரு கீற்றை மட்டும் திறந்து மற்றதை மூடி, ஒரே பிலிமைப் பின்னால் சுற்றிச் சுற்றி ஒன்பது முறை எடுத்தார்கள். கேமராவைக் கையால் சுழற்றிய எல்ஜின் லெஸ்லியின் வேகம் ஒரு முறைக்கு ஒரு முறை பிசகியிருந்தால் ஒன்பது பேரும் ஒன்பது விதமாக ஆடியிருப்பார்கள்.

ஜூனில் ‘அவர் ஹாஸ்பிடாலிட்டி’. வந்தவர்கள் ஒன்பது பேர். ஜூலையில் ‘ஷெர்லாக் ஜூனியர்’; அதன் படப்பிடிப்பில் தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து கொட்டிய வெள்ளம் கீட்டனைத் தண்டவாளத்தில் அறைந்தபோது கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தவருக்கு அது முறிவு என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது.

செப்டம்பரில் ‘தி ஜெனரல்’. அன்று மட்டும் 52 பேர். காதலி கைவிட்டதாக நினைத்து, நின்றிருக்கும் என்ஜினின் சக்கரங்களை இணைக்கும் கனெக்டிங் ராடில் கீட்டன் சோர்ந்து உட்காருகிறார். என்ஜின் மெல்ல நகர, உட்கார்ந்த நிலையிலேயே ராடோடு மேலேறுகிறார், கீழிறங்குகிறார், மேலேறுகிறார். ஷெட்டுக்குள் நுழையும்போதுதான் தான் நகர்வதையே கவனிக்கிறார். எல்லோரும் சிரித்தோம். ஓய்வு பெற்ற ரயில் டிரைவரான நம் மூத்த உறுப்பினர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். படத்தை நிறுத்தச் சொன்னார். “கிளம்பும்போது ஸ்டீம் ஒரு பொட்டு கூடிப்போனால் வீல் ஸ்லிப் ஆகும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அந்த ராடில் இருப்பவன் பிழைக்க மாட்டான். ரெகுலேட்டரைப் பிடித்திருந்த டிரைவர் யாரோ, அவருக்குக் கை நடுங்கியிருக்கும்” என்றார். பின்னர் அந்தச் சில வினாடிகளை மறுபடி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். நம் சங்கத்தில் ஒரு படம் இப்படிப் பார்க்கப்பட்டு எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று மூத்தவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அந்தப் படத்துக்காக 1926 ஜூலை 23 அன்று ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் அருகே, ஆற்றின்மேல் பாலம் கட்டி, அதைத் தீயிட்டு, உண்மையான என்ஜினையே அதன்மேல் ஓட்டி விழச் செய்தார்கள். சுமார் 42,000 டாலர் செலவான அந்த ஒரே ஷாட்டை மறுபடி எடுக்க வழியே இல்லை. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. விழுந்த என்ஜின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்கு எடுக்கப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது. இவ்வளவும் செய்த படம் அன்று தோற்றது. விமர்சகர்கள் ஏசினார்கள். 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த படங்களில் அதுவும் ஒன்று.

அக்டோபர் 4, அவருடைய 130ஆவது பிறந்த நாள். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ திரையிட்டோம். புயலில் இரண்டு மாடி வீட்டின் முகப்புச் சுவர் முழுதாக அவர்மேல் சாய்கிறது. மேல்மாடிச் சன்னல் திறந்திருக்கிறது. அந்தத் துவாரம் அவர் நிற்கும் இடத்தில் சரியாக வந்து இறங்குகிறது. சுவரின் எடை இரண்டு டன் என்பார்கள். தோளுக்கும் சட்டத்துக்கும் இடையே சில அங்குலம்தான். படத்துக்கு நேரடியாக இசை வாசிக்கும் நம் கீபோர்டு இளைஞர் அதுவரை விடாமல் வாசித்துக்கொண்டிருந்தவர், சுவர் சாயத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும். தூசி அடங்கி, கீட்டன் நின்ற இடத்திலேயே நிற்பது தெரிந்தபிறகுதான் அரங்கில் யாரோ மூச்சு விட்டார்கள்.

டிசம்பரில் ‘தி கேமராமேன்’. பேசும்படம் வந்ததால் கீட்டன் ஒழிந்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் நம்பியிருந்தேன். அது சரியல்ல. அவர் குரல் நன்றாகவே இருந்தது, தொடக்ககாலப் பேசும்படங்கள் வசூலும் செய்தன. 1928இல் சொந்த ஸ்டுடியோவை விட்டு, பெரிய ஹாலிவுட் நிறுவனமான எம்.ஜி.எம்.மில் கையெழுத்திட்டதுதான் வீழ்ச்சியின் தொடக்கம். சாப்ளின் வேண்டாம் என்றார், இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான ஹெரால்டு லாயிடும் வேண்டாம் என்றார். போனார். உடன் வேலை செய்தவர்கள் மெல்லப் பிரிக்கப்பட்டார்கள். இடத்துக்கு வந்து யோசித்து எடுக்கும் வழக்கம் போய், எழுதிக்கொடுத்ததை நடிக்க வேண்டியதாயிற்று. குடி சேர்ந்தது. மணவாழ்க்கை முறிந்து, மகன்களின் பெயரிலிருந்தே கீட்டன் என்பது நீக்கப்பட்டது. 1933இல் எம்.ஜி.எம். அவரை வேலையிலிருந்து நீக்கியது. பிறகு அதே ஸ்டுடியோவில் மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுதிக்கொடுக்கும் கூலிக்காரராக வேலை பார்த்தார்.

அவரை மீட்டதில் 1940இல் மணந்த எலினருக்குப் பெரும் பங்கு உண்டு. படங்கள் மீண்டது வேறு கதை. அவர் இழந்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பின்னர் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன் அங்கே கீட்டனின் பழைய ரீல்கள் கிடப்பதைக் கண்டார். நைட்ரேட் பிலிம், அழுகும், தீப்பிடிக்கும். கண்டவர் குப்பையில் போடாததால் நாம் இன்று பார்க்கிறோம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான ‘கீசகவதம்’ படத்தில் ஒரு பிரேம்கூட இன்று இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1960இல் கௌரவ ஆஸ்கர் வாங்கி, 1965இல் வெனிஸ் விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டக் கேட்டு, 1966 பிப்ரவரி 1 அன்று கீட்டன் காலமானார். அறுபதாம் நினைவு நாள் இவ்வாண்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று நான் பேசிய நிறைவுரைக்குச் செயற்குழுவிலிருந்து வந்தவர்கள் இருவர்.

வருகையைப் பற்றி இதற்குமேல் மறைக்க முடியவில்லை. மொத்த உறுப்பினர்கள் 64 பேர். ஆண்டில் ஒரு திரையிடலுக்கேனும் வந்தவர்கள் 31 பேர். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத செயற்குழு உறுப்பினரின் இடம் காலியானதாகக் கருதப்படும் என்கிறது நம் விதி. அந்த விதியை நான் இதுவரை யார்மீதும் பயன்படுத்தியதில்லை. முகத்தை முறித்துக்கொள்ள மனம் வரவில்லை.

சந்தா 600 ரூபாய். மார்ச் முடிய 29 பேர் செலுத்தியிருக்கிறார்கள். மூன்றாண்டு பாக்கி உள்ளவர்களும் உண்டு. ஒவ்வொருவரையும் இருமுறையாவது அழைத்தேன். “படம் பார்க்கவே வரவில்லையே, சந்தா எதற்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். சந்தா என்பது டிக்கெட் அல்ல. அரங்கின் வாடகையும் புரொஜெக்டர் விளக்கும் அதில்தான் ஓடுகின்றன. வராதவர் கட்டும் சந்தாவில்தான் அந்தத் தையல்காரப் பெண்களின் பிள்ளைகள் இலவசமாகப் படம் பார்த்தார்கள். இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பொருளாளர் விரிவாகப் படிப்பார். சுருக்கமாக, வரவுக்கும் செலவுக்கும் ஏறத்தாழச் சரியாகிவிட்டது. சிறு தொகை இருப்பில் உள்ளது. புரொஜெக்டர் பழுதுக்கான தொகையின் ஒரு பகுதியை நண்பர்கள் சிலர் ஏற்றார்கள். அதில் என் பங்கை நான் திரும்பக் கோரவில்லை. பழைய படங்கள் என்பதால் உரிமத் தொகை ஏதும் தேவைப்படவில்லை என்பதையும், புதிதாகச் சேர்த்த இசைத்தடங்களை நாம் பயன்படுத்தாமல் நேரடி இசையோடு திரையிட்டதையும் உறுப்பினர்கள் கேட்டதால் குறிப்பிடுகிறேன்.

வழிநடத்திய தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்கு தந்தவர்கள், தேநீர் ஏற்பாடு செய்தவர்கள் ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி. கீபோர்டு வாசித்த இளைஞருக்குப் பேருந்துக் கட்டணத்தைத் தவிர நாம் எதுவும் தரவில்லை. அவருக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு திட்டம்தான் சொல்கிறேன். 2026 ஜூலை 23 அன்று அந்தப் பாலம் எரிந்து என்ஜின் விழுந்து நூறு ஆண்டு நிறைகிறது. அன்று மாலை ‘தி ஜெனரல்’ படத்தை மறுபடி திரையிட்டு, ஊரிலுள்ள ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்களைக் குடும்பத்தோடு அழைக்க விரும்புகிறேன். நம் அரங்கில் அத்தனை பேரும் கொள்ள மாட்டார்கள். பெரிய மண்டபம் வேண்டும், அதற்கு முன்பணம் மே மாதத்துக்குள் கட்ட வேண்டும். இப்போதுள்ள இருப்பு அதற்குக் காணாது. நிலுவைச் சந்தா முழுவதும் வந்தால் யாரிடமும் நன்கொடை கேட்காமலே முடித்துவிடலாம். செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஏழாவது ஆண்டு. இளையவர் ஒருவர் முன்வந்தால் கோப்புகளையும் தமிழில் எழுதிய அட்டைகளையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் ஜூலை 23 வரையாவது நான் இருந்து இதை நடத்திக் கொடுக்கிறேன்.

பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருக்கிறார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்