உங்கள் ஓடூவின் கூடுதல் மாட்யூல்களை எங்கே வைக்கப்போகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பில், சரக்கு, கணக்கு ஆகியவை உங்கள் கடையை நடத்தும் ஓடூ என்ற வணிக மென்பொருளோடு வருபவை. நகைக்கடைக்கான செய்கூலி, சேதாரக் கணக்கு, மளிகைக்கடைக்கான காலாவதி எச்சரிக்கை போன்றவை வெளியார் எழுதிய மாட்யூல்கள், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் நிரல் துண்டுகள். இவற்றில் சில, நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் எழுதியவரின் சொந்தக் கணக்கில் கிடக்கின்றன. சில உங்கள் சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லை. அடுத்த பதிப்புக்கு மாறும் முன், பொதுவில் வைக்கக்கூடியவற்றை ஓசிஏ எனப்படும் ஓடூ சமூகச் சங்கத்தின் பொது நிரல் களஞ்சியத்தில் சேர்க்கிறோம்.

ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்றுக்கு மட்டுமே ஓடூ திருத்தம் தருகிறது. 2025 செப்டம்பரில் 19ஆம் பதிப்பு வந்ததோடு 16ஆம் பதிப்புக்கான திருத்தங்கள் நின்றன. வெளியார் மாட்யூலை ஒவ்வொரு பதிப்புக்கும் யாராவது உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அதை அப்படியே விட்டுப் பதிப்பை ஏற்றினால், மாட்யூல் சேர்த்த திரை அமைப்பு டேட்டாபேஸில் எஞ்சியிருந்து, இல்லாத புலத்தை (தகவல் கட்டத்தை) தேடும். அந்தச் சின்ன மாட்யூலுக்காக பில் போடும் திரையே திறக்காமல் போகலாம்.

ஓசிஏவில் துறைக்கொரு களஞ்சியம், பதிப்புக்கொரு கிளை, அதாவது தனிப் பிரதி. எது புதிய பதிப்புக்கு மாறியது, எது இன்னும் பாக்கி என்ற பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரியும். குறியீட்டில் ஒரு வரி மாறினாலும் தானியங்கிச் சோதனை உண்டு. ரன்போட் என்ற கருவி தற்காலிகமாக ஒரு ஓடூவைத் திறந்துவிடும். அதில் நீங்களே நுழைந்து பார்க்கலாம். பொதுவாக இருவர் ஒப்புதலும் ஐந்து நாள் அவகாசமும் இருந்தால்தான் மாற்றம் சேரும். அதிகம் பேர் பயன்படுத்தாத மாட்யூலுக்குப் பார்வையிட ஆள் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குறிப்பிட்ட ஒரு கமிட்டை (சேமித்த ஒரு நிலையை) மட்டும் பூட்டி உங்கள் சர்வரில் ஓட்டுவோம். இந்தத் தாமதம் ஏற்கத்தக்கது என்பதே எங்கள் கருத்து.

வெளியே போவது குறியீடு மட்டுமே. உங்கள் விற்பனை, வாடிக்கையாளர் பெயர், விலை எதுவும் போகாது. சோதனைத் தரவில் உண்மையான பெயரோ யுஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண்ணோ இருந்தால் முதலில் நீக்குவோம். கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ (பிற மென்பொருளோடு இணைக்கும் ரகசியக் குறியோ) குறியீட்டில் இருந்தால் அழிப்பது மட்டும் போதாது, மாற்றங்களைப் பதியும் கிட் வரலாற்றில் அது அப்படியே நிற்கும். அதனால் சாவியையே மாற்றிவிட்டு, பழைய வரலாறு இல்லாமல் அனுப்புவோம். உங்கள் கடைக்கே உரிய தள்ளுபடிக் கணக்கு, கட்டணப் பதிப்பான ஓடூ என்டர்பிரைஸை நம்பியிருப்பவை, காசு கொடுத்து வாங்கிய மூடிய உரிம மாட்யூல்கள் ஆகியவை இருக்குமிடத்திலேயே இருக்கும்.

பல நாட்டவருக்கும் பயன்பட வேண்டியிருப்பதால், வரி விகிதத்தைக் குறியீட்டுக்குள் எழுதிவைத்த மாட்யூல்களைத் திருத்தியே அனுப்புகிறோம். நமக்கும் அது தேவைதான். சிங்கப்பூரில் 2024 ஜனவரி 1இல் ஜிஎஸ்டி 8இலிருந்து 9 விழுக்காடானது. 2023இல் 8 விழுக்காட்டில் விற்ற பொருள் பின்னர் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டும் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டும்) 8 விழுக்காட்டில்தான் போட வேண்டும். ஒரே எண்ணை உள்ளே வைத்திருக்கும் மாட்யூலால் இரண்டையும் செய்ய முடியாது.

ஒரு வேண்டுகோள்: பழைய மாட்யூலை நீங்களாக அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். செய்தால் அது வைத்திருந்த புலங்களும் அவற்றிலிருந்த தரவும் சேர்ந்தே அழியும். மாட்யூலின் பெயர் மாறினால் டேட்டாபேஸில் பெயரை மாற்றிய பிறகே புதியதை ஏற்றுவோம். பழைய கோப்புறையையும் அகற்றுவோம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், பாதை வரிசையில் முதலில் வருவதையே ஓடூ எடுக்கும். திருத்தம் ஏறியும் ஏறாததுபோல் இருக்கும்.

மாற்றும் முன் டேட்டாபேஸையும் ஃபைல்ஸ்டோரையும் சேர்த்தே நகல் எடுப்போம். இணைத்த ரசீதுகளும் பிடிஎஃப்களும் ஃபைல்ஸ்டோரில்தான் உள்ளன. உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்காக ஐந்தாண்டு பதிவுகளை நீங்கள் வைத்திருக்க வேண்டுமே. சோதனை நகலில் மின்னஞ்சலையும் தானியங்கிப் பணிகளையும் நிறுத்திய பிறகே உங்களிடம் தருவோம். இல்லாவிட்டால் கடன் நினைவூட்டல்கள் உங்கள் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போகும்.

அந்த நகலில் ஒரு விற்பனை, ஒரு சரக்குத் திருப்பம், ஒரு கிரெடிட் நோட்டு போட்டுப் பாருங்கள். கடந்த காலாண்டின் எஃப்5 எனும் ஜிஎஸ்டி படிவத்தின் தொகைகள் பழையதோடு வெள்ளி, காசு வரை ஒத்துப்போகிறதா என்று கணக்காளரைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் பில்லின் பிடிஎஃப்பில் எழுத்துக்குப் பதில் கட்டம் தெரிந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள், உடனே சொல்லுங்கள்.

ஓசிஏவில் மாட்யூல்களின் சொற்களைத் தமிழாக்கவும் வழி உண்டு. கல்லாவில் நிற்பவர்கள் புழங்கும் சொல் எதுவென்று எழுதி அனுப்பினால் அதையே சேர்ப்போம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் அறிக்கைகளின் பட்டியலையும், கடை அடைத்தபின் இரண்டு மணி நேரம் எந்த நாளில் கிடைக்கும் என்பதையும் இந்த மடலுக்கே பதிலாக அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருள் பராமரிப்புக் குழு, சிங்கப்பூர்