பாதுகாப்பு விதி யாருடைய காரை நிறுத்துகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாதுகாப்பு விதிகள் இறுக இறுக ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்பனையிலிருந்து ஒவ்வொன்றாக மறைகின்றன என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அது பாதி உண்மைதான். எந்தக் கார் மறைகிறது, எது மறையாமல் நிற்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை.

அவர் சொன்ன ஐரோப்பாவையே எடுத்துக்கொள்வோம். தானியங்கி அவசர பிரேக், வேக வரம்பை ஓட்டுநருக்கு நினைவூட்டும் கருவி முதலியவை 2024 ஜூலை முதல் அங்கே பதிவாகும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். அதனால்தான் டொயோட்டாவின் சிறு ஸ்போர்ட்ஸ் காரான ஜிஆர்86 இரண்டே ஆண்டு விற்பனையோடு கிளம்பியது. அதே மாதம் காரின் மின்னணு அமைப்பை இணையத் தாக்குதலிலிருந்து காக்கும் விதியும் முழு அமலுக்கு வந்தது. போர்ஷே 718 பாக்ஸ்டர், கேமன் இரண்டும் பழைய மின்னணு அமைப்பில் உருவானவை. புதிதாக மாற்றுவது கட்டுப்படியாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே 718 வரிசையில் உச்ச விலைக்கு விற்ற ஆர்எஸ் வகைகள் மட்டும், குறைந்த எண்ணிக்கையில் தயாரானவை என்ற சலுகையில் தப்பித்துக்கொண்டன! மோதிப் பார்த்துச் சான்று வாங்கும் செலவு லட்சம் கார் விற்பவருக்கும் ஆயிரம் கார் விற்பவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் கோடீஸ்வரர் வாங்கும் காரின் விலையில் ஏற்றிவிடலாம், நடுத்தரக் குடும்பத்துப் பையன் வாங்கும் காரில் ஏற்ற முடியாது.

நம் நாட்டிலும் இதே கதை. மோதல் சோதனை விதி பழைய மாடல்களுக்கும் வந்த 2019-இல் மாருதியின் ஜிப்சியும் ஆம்னியும் நின்றன. ஆம்னிக்காக நான் வருந்தவில்லை. முழங்காலுக்கு முன்னால் ஒரு தகட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத வண்டி அது. மறுபக்கம், வெளிநாட்டுத் தரச் சான்று இருந்தால் இங்கே மறு சோதனை இல்லாமலே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 கார் வரை இறக்குமதி செய்யலாம் என்று 2018-இல் அரசு வழி திறந்துவிட்டது. முழு வண்டியாக இறக்குமதியாகும் காரின் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படி 2025-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையில் 150 மட்டுமே. விலை அரைக் கோடிக்கு மேல்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று வரி. 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டியில், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். இரண்டில் ஒன்று மீறினாலும் 40. இரண்டு பேர் உட்காரும் சிறிய காரில் 1,500 சிசி இன்ஜின் வைத்தால், ஏழு பேர் ஏறும் இரண்டு டன் வண்டிக்கு உள்ள வரிதான் அதற்கும்.

இந்த எடை விஷயம் சேலத்துக்காரனான எனக்கு உறுத்துகிறது. கோரிமேட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆட்டோமேட்டிக் கியரைக் குறைக்காமல் டிரைவிலேயே போட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கிய பெரிய வண்டிகள் ஞாயிறு மாலை வந்து நிற்கும். பிரேக் டிஸ்க் நீலம் பூத்திருக்கும், பிரேக் பேட் கருகிய வாடை தெருமுனை வரை அடிக்கும். அடிவாரத்திலேயே சிலர் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிடுகிறார்கள், தோசைக்கல்லில் தெளிப்பதுபோல. டிஸ்க் கோணி, மறுவாரம் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று அலைன்மென்ட் பார்க்க வருவார்கள். இந்த வண்டிகளில் ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் 2019 ஜூலை முதல் கட்டாயம். வளைவில் 40-இல் போனாலே பள்ளம்தான். மணி அங்கே வாயே திறக்காது. ஒரு டன்னைச் சற்றே தாண்டும் மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஸ்போர்ட்ஸ் கார் அதே மலையில் இறங்கினால் பிரேக் தாங்க வேண்டிய சூடு பாதிதான். அந்தக் கார் நம் ஷோரூம்களில் இல்லை.

விதியைத் தளர்த்தச் சொல்லும் கட்டுரையாளரோடு நான் உடன்படவில்லை. மோதல் சோதனையிலும் ஏர்பேக்கிலும் பிரேக்கிலும் யாருக்கும் சலுகை கூடாது. ஆனால் ஆண்டுக்குச் சில நூறு சிறு கார்களை உள்நாட்டிலேயே செய்ய யாராவது முன்வந்தால், மின்னணு எச்சரிக்கைக் கருவிகளுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் தரலாம். இறக்குமதிக்காரருக்குத் திறந்த கதவுதானே! வரியையும் நீளம், சிசி பார்க்காமல் எடை பார்த்துப் போடட்டும். அடுத்த ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்தில் தமிழக அரசு இதை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோரிமேடு, சேலம்.