அடுத்த வீட்டு ஆச்சிக்கும், மாமாவை வழியனுப்ப வந்தவர்களுக்கும்

கோட்டையூர்

அன்புடையீர்,

எங்கள் தாய்மாமாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து கைகூப்ப வேண்டும். அதற்கு முன் இந்த மடல்.

முதல் நன்றி 1971-லிருந்து பாக்கி நிற்கிறது. அப்போது மாமா ராணுவத்தில் லாரி ஓட்டுநர், கிழக்கு முனையில். டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானுடன் போர் மூண்டது. எங்கள் வீட்டில் வானொலி கிடையாது. அடுத்த வீட்டு ஆச்சி தினமும் அம்மாச்சியையும் என் அம்மாவையும் அழைத்து, வளவில் பாய் விரித்து உட்காரவைத்து, ஆகாசவாணிச் செய்தியைக் கேட்கச் செய்தார். 16-ஆம் தேதி டாக்காவில் எதிரிப் படை சரணடைந்த செய்தி வந்தபோது அம்மாச்சி வாய்விட்டு அழுதாராம். மகன் உயிரோடு இருக்கிறானா என்பது அந்தச் செய்தியில் இல்லையே! ஆச்சி அவர் கையை விடவே இல்லை. மாமாவின் கடிதம் வர ஜனவரி ஆயிற்று. அதுவரை அந்தக் கதவு எங்களுக்காகத் திறந்தே இருந்தது.

பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அதே வீட்டை, துக்கச் செய்தி கேட்ட அன்று மாலையே சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் ஏறி வந்து திறந்துவிட்டார்கள் ஆச்சியின் பேரர்கள். வெளியூர் உறவினர் அனைவரும் தங்கியது அங்கேதான்.

அந்தப் போரில் கிழக்கு முனையில் பணியாற்றியதற்காக மாமாவுக்குக் கிடைத்த பூர்வி ஸ்டார் பதக்கம் பெட்டியடியில் கிடந்தது, ரிப்பன் நைந்துபோய். நள்ளிரவில் கடையைத் திறந்து, பின்பக்கம் துணி வைத்துத் தைத்துக் கொடுத்த தையற்கார அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். சிவகங்கை, தேவகோட்டையிலிருந்து வந்த முன்னாள் படைவீரர்கள் பதக்கங்கள் அணிந்து, வெயிலில் வரிசையாக நின்று வணக்கம் செலுத்தினார்கள். அவர்களில் பலருக்கு எழுபது வயதுக்கு மேல். இருவர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

மாமா போரைப் பற்றி அதிகம் பேசியதில்லை. போகும்போது குண்டுகளையும், திரும்பும்போது காயம்பட்டவர்களையும் ஏற்றி வந்ததாகச் சொல்வார், அவ்வளவுதான். ஊர் திரும்பி வண்டி ஓட்டியபோதும் சிறு பள்ளத்தைக் கண்டால் ஊர்ந்துதான் போவார். கேட்டால், "பின்னால் படுத்திருப்பவனுக்கு வலிக்கும்" என்பார்.

அமரர் ஊர்தி ஓட்டிய தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஆனாலும் மயானம் வரை ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினார். தம்பி, உங்களுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

நன்றியுடன்,
மாமாவின் மருமக்கள்